எங்கள் பேண்டு செட்டின் வலைப்பக்கம்

என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் பேண்டு செட் வைத்திருந்தார். எங்கள் தெருவுக்குள் வந்து யாராவது வழி கேட்டால், "பேண்டு மாஸ்டர் வீடுதானே?" என்று கை காட்டுவார்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை. பாதித் தெருவுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஆனாலும் "டீச்சர் வீடு" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. அவரோடு எதற்குச் சண்டை போட்டாலும் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் அவருக்குத் தெரிந்த விளம்பரம் விசிட்டிங் கார்டு ஒன்றுதான். செட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிவப்புக் கோட்டும் தங்க நிறப் பொத்தானும் தொப்பியுமாக வரிசையில் நிற்க, பின்னால் மலைக்கோட்டை தெரிகிற மாதிரி ஒரு படம். போட்டோகிராபர் எங்கே நின்று எடுத்தாரோ, கோட்டை என் வீட்டுக்காரர் தொப்பியிலிருந்து முளைத்த மாதிரி விழுந்துவிட்டது. அவருக்கு அது பிடித்துப்போய் அதையே அச்சடித்தார். பந்தல் போடுகிறவர், சமையல்காரர், மண்டப மேனேஜர், எங்கள் மாதா கோவில் உபதேசியார் என்று எதிர்ப்பட்டவர் சட்டைப் பையில் எல்லாம் அந்தக் கார்டைச் செருகுவார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பேண்டு செட் கல்யாணத்துக்கும் போகும், சாவு வீட்டுக் கேதத்துக்கும் போகும். ஆட்களும் அவர்களே, வாத்தியமும் அதுவே. கல்யாணத்துக்குச் சிவப்புக் கோட்டு, அடக்கத்துக்கு வெள்ளைச் சட்டை, அம்புட்டுத்தான் வித்தியாசம். காலையில் எரியோட்டுப் பக்கம் அடக்கமும் சாயங்காலம் ஊருக்குள் கல்யாண ஊர்வலமும் ஒரே நாளில் வந்தால், நடுவில் எங்கள் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குளித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த மாதிரி யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கல்யாண வீட்டுக்காரர்களின் ருசி மாறியது. கேரளத்துச் செண்டை மேளத்தைக் கூட்டிவர ஆரம்பித்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று அவர்கள் அடிக்கும் அடியில் மண்டபத்துக் கண்ணாடி அதிரும். எங்களை அழைத்துக்கொண்டிருந்த வீடுகளே, "இந்தத் தடவை பிள்ளைங்க செண்டைதான் வேணும்னு நிக்கிதுக மாஸ்டர்" என்று சொல்லி அனுப்பின. செட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலை தேடத் தொடங்கினார்கள். கிளாரினெட்காரர் ஆட்டோவுக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரருடைய அண்ணன் ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தான் செய்வதைத் தவிர மற்றதெல்லாம் வேலையே இல்லை என்று நினைக்கிற ரகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்துவிட்டுத் தம்பியிடம் நேராகவே சொன்னார்.

"ஏலே, அடுத்த வைகாசி வரைக்கும் பாரு. முகூர்த்தம் கூடுச்சுன்னா நடத்து. இல்லேன்னா இந்தப் பித்தளையெல்லாம் வந்த வெலைக்குக் குடுத்துட்டுக் கடைக்கு வந்து உக்காரு. எனக்கும் ஒரு நம்பிக்கையான ஆளு வேணும்."

என் வீட்டுக்காரர், "சரிண்ணே" என்றார். அவர் அண்ணனிடம் சரி என்று சொன்னால் அது வார்த்தை. நான் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டிரம்பெட்டை வைத்துவிட்டு இந்த மனிதர் ஆணி நிறுத்துக் கொடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. மாதச் சம்பளம் எனக்கு வந்துகொண்டிருந்தது. செட்டை நம்பி இருந்த மற்ற வீடுகளுக்கு அது கிடையாது.

அப்போது எங்கள் மகள் காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அவள்தான், "அப்பா, கார்டு குடுத்த காலமெல்லாம் போச்சு. இப்ப எல்லாரும் நெட்லதான் தேடுறாங்க" என்று அவரைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி குளிரில், மரத்தடுப்புக்குள் பையன்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வந்த மனிதர் வீட்டுக்கு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "டீச்சரம்மா, உலகம் பூரா உள்ள இருக்குடி" என்பதுதான்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மூன்று விரலால் டிரம்பெட்டில் எந்தப் பாட்டையும் கொண்டுவருகிறவர், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். செட்டுக்கென்று ஓர் இலவச வலைப்பக்கம் மகள் அமைத்துக் கொடுத்தாள். கோட்டை முளைத்த தொப்பிப் படம் அதிலும் ஏறியது. அந்த நாளில் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் கிடையாய்க் கிடந்த ஒரு நட்புத் தளத்திலும் சேர்ந்தார். அங்கே திண்டுக்கல் என்று ஊர்ப் பெயர் போட்டிருந்த அத்தனை பேருக்கும் நட்பு அழைப்பு அனுப்பினார். எல்லோர் பக்கத்திலும் ஒரே வரியை எழுதினார்: "உங்கள் திருமணத்துக்கு எங்களை அழைக்கவும்."

மகள் ஒருநாள் பையை வீசிவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா, என் கிளாஸ் பிள்ளைக பக்கத்துலயெல்லாம் போயி கல்யாணத்துக்குக் கூப்பிடச் சொல்லிருக்கீங்க. ஒருத்தியோட அம்மா அதைப் பாத்துட்டு, யாருடி இந்த ஆளு, உனக்கு எங்க கல்யாணம் பேசுறான்னு அடிச்சிருக்காங்க."

"என்னைக்கா இருந்தாலும் கட்டத்தானே போகுதுக" என்றார் அவர். ஆனாலும் மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டு வந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, பலன் இருந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒரு பையன் சொந்த ஊரில் கல்யாணம் வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டான். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வீட்டார் போன் செய்து அச்சாரமும் கொடுத்துவிட்டார்கள். கிளாரினெட்காரர் ஆட்டோ வாங்குவதைத் தள்ளிப்போட்டார். வைகாசிக்குள் தேறிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்போதுதான் வீடியோ ஆசை பிடித்தது. படம் பார்த்தால் யாருக்குப் புரியும், வாசிப்பைக் கேட்க வேண்டாமா என்றார்.

சிங்கப்பூரிலிருந்து என் தம்பி எனக்கென்று கொண்டுவந்த சின்ன டிஜிட்டல் கேமராவை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார். நாலைந்து கல்யாணங்களில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. ஜெனரேட்டர் சத்தம், வெடிச் சத்தம், மாப்பிள்ளைத் தோழர்களின் விசில். டிரம்பெட் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. போதாததற்குப் பாட்டின் நடுவில் யாரோ ஒருவர், "மாஸ்டர், நிறுத்துங்க, பொண்ணு கார் வரலை" என்று கத்துவது மட்டும் தெளிவாகப் பதிந்திருந்தது.

பிறகு எரியோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இறந்துபோனார். நம் ஆள்தான், கோவிலில் வாசகம் வாசித்துக்கொண்டிருந்தவர். அடக்கப் பூசை முடிந்து கல்லறைத் தோட்டம் வரை இவர்கள் செட். வாத்தியாருடைய மூத்த மகனிடம் கேட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஜால்ரா போடுகிறவர் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு வாசித்திருக்கிறார். இருபுறமும் சோளக்காடு. ஊரே பேச்சில்லாமல் நடக்கிறது. பேஸ் டிரம் மட்டும் நிதானமாக விழ, அதன் மேல் அவர் டிரம்பெட் எழும்புகிறது. வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் காட்டினார். நானே இன்னொரு தடவை போடச் சொன்னேன். இத்தனை வருஷம் கூட இருந்தும் அவர் இப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. நான் எந்தக் கேதத்துக்கும் அவர் பின்னால் நடந்ததில்லை.

"இதுதான்டி வாசிப்பு. இதைத்தான் போடப்போறேன்" என்றார்.

"உங்களுக்குக் கிறுக்கா? கல்யாண ஆர்டர் புடிக்கிற பக்கத்துல பொணத்தையா போடுவாங்க?"

"கல்யாணத்துல எவன் வாசிப்பைக் கேக்குறான்? இங்கதான் கேக்குறாங்க. நல்லா வாசிச்சது எதுவோ அதைத்தான போடணும்?"

மகளும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். நான் கத்தினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவர் பாட்டுக்குப் பிரவுசிங் சென்டரில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, நடுவில் இரண்டு தடவை கரண்ட் போயும் விடாமல் அதை ஏற்றிவிட்டு, வலைப்பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார். கீழே செட்டின் பெயர், ஊர், எங்கள் வீட்டுப் போன் நம்பர் எல்லாம்.

நான் பயந்தது கொஞ்ச நாளிலேயே வீட்டு வாசலுக்கு வந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர், பெண்ணின் பெரியப்பா, நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. முகூர்த்தத்துக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கிறோமுங்க."

"என்னங்க ஆச்சு? நாங்க ரெண்டுக்கும் போறவங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாமயா இருக்குமுங்க? எங்கய்யனுக்கே பேண்டு வெச்சுத்தானுங்க எடுத்தோம். புள்ள கம்ப்யூட்டர்ல உங்க பேரைப் போட்டுப் பாத்திருக்குதுங்க. மொதல்ல பெட்டியத் தூக்கிட்டுப் போறது வந்திருக்குது. அழுதுட்டே எந்திரிச்சு வந்துருச்சுங்க. அதுக்கு மேல நாங்க என்னத்தைச் சொல்றதுங்க?"

என் வீட்டுக்காரர் எழுந்தார். உள்ளே போய் அச்சாரத்தை எடுத்துவந்து கொடுத்தார். வந்தவர் போனதும் நான் ஆரம்பித்தேன். என் வாயை நானே மூடிக்கொள்ளக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. "போய் மொதல்ல அதை எடுத்துப்போட்டுட்டு வாங்க, இல்லேன்னா இன்னைக்கே கடையில போய் உக்காந்துருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வரும்போது கையில் அச்செடுத்த ஒரு தாள் இருந்தது.

"எடுத்தாச்சா?"

"இதைச் செத்த படிச்சுச் சொல்லு. எனக்குச் சரியா புரியலை" என்று நீட்டினார். வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தது. தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"மாஸ்டர் அண்ணே, நான் வாத்தியாரோட ரெண்டாவது மகன். வளைகுடாவுல இருக்கேன். லீவு கெடைக்கல. அப்பாவைக் கொண்டுபோறதை ரூம்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம். முன்னாடி எங்கண்ணன் ஒரு பக்கம் புடிச்சிருக்கு. அந்தப் பக்கம் நான் புடிச்சிருக்கணும். பச்சைச் சட்டை போட்ட ஒருத்தர் புடிச்சிருக்காரு. மொகம் தெரியல. யாருன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே. அவருக்கு நன்றி சொல்லணும்."

படித்து முடித்துத் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் அவர் பஸ் ஏறி அந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். பச்சைச் சட்டைக்காரர் பக்கத்துக் காட்டுக்காரராம். வரப்புத் தகராறில் வாத்தியாரோடு பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாதவராம். அதை அப்படியே அந்த மகனுக்கு எழுதினார். வீடியோவை எடுக்கச் சொல்லி நான் அதன்பிறகு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் யாருடைய கணக்கிலும் இல்லாதது. அந்த வளைகுடா அறையில் இருந்தவர்கள் அடுத்த அறைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து மலேசியா, சிங்கப்பூர் வரை போயிருக்கிறது. அந்த வீடியோவின் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தங்கள் அப்பாவைப் பற்றி எழுதினார்கள். பிறகு போன் வர ஆரம்பித்தது. நம்பருக்கு முன்னால் கூட்டல் குறி வந்தால் வீடே அமைதியாகிவிடும். அவர் எடுத்து, "எப்ப?" என்று மட்டும் கேட்பார். அம்மாவுக்கு வாசிக்கணும், வீடியோவும் எடுத்துப் போடணும், நாங்க இங்கிருந்து பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். சின்னாளப்பட்டி, நிலக்கோட்டை, வேடசந்தூர் என்று சுற்று வட்டாரம் முழுக்கச் செட் போய்க்கொண்டே இருந்தது. ஜால்ராக்காரர் ஜால்ராவை விட்டுவிட்டு முழுநேரக் கேமராக்காரர் ஆனார்.

வைகாசி வந்தது. அண்ணனும் வந்தார். திண்ணமாகப் பேசத்தான் வந்திருப்பார். செட் ஆட்கள் அன்றைக்கும் வெள்ளைச் சட்டையில் வேனுக்குக் காத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "நடக்கட்டும்டா" என்று சொல்லித் திரும்பிவிட்டார். செட் பிழைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் டிரம்பெட்டைக் கீழே வைக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு சந்தோஷம்தான். யாரோ வீட்டில் இழவு விழுந்தால் நம் வீட்டில் உலை கொதிக்கிறதே என்று கூச்சமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன, ஒன்று வந்து மற்றதைத் துரத்தவில்லை.

கல்யாணங்கள் மட்டும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. எந்தப் பெண் செட்டின் பெயரைப் போட்டுத் தேடினாலும் முதலில் வருவது சோளக்காட்டு நடுவே போகும் பெட்டிதான். தனியாகக் கல்யாணத்துக்கென்று இன்னொரு பெயரில் பக்கம் தொடங்கலாம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "பேரை மாத்துனா மூஞ்சி மாறிருமா?" என்று சொல்லிவிட்டார். சிவப்புக் கோட்டுகளை நான் சலவை செய்து பெட்டியில் வைத்தேன்.

படிப்பு முடிந்து மகளுக்கு வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நம் கோவில் குடும்பம், பையனும் வாத்தியார் வேலை. பார்த்ததும் இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. கோவிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கும் நாள், மண்டபம், சேலை எல்லாம் பேசி முடித்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தோம். பையனின் அம்மா டம்ளரை வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"சம்பந்தி, எல்லாம் உங்க இஷ்டப்படியே செய்யுங்க. பேண்டு மட்டும் நாங்க மதுரையில இருந்து கூட்டிட்டு வாரோம்."

மகள் முகம் சிவந்துவிட்டது. நான் வாயெடுக்கப் போனேன். அந்த அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. போன வருஷம் எங்கப்பாவுக்கு இவரு செட்டுதான் வாசிச்சது. எங்க தம்பி வெளிநாட்டுல இருந்து சொல்லி ஏற்பாடு பண்ணுனான். கோவில்ல இருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் நான் அந்த டிரம்பெட்டு பின்னாடியேதான் நடந்தேன். இன்னைக்கும் அந்த வீடியோவை எடுத்து வச்சுக் கேக்குறேன். எம் மகன் கல்யாணத்துல அந்தச் சத்தம் கேட்டா நான் அப்பாவை நெனச்சு ஒடைஞ்சு போயிருவேன் சம்பந்தி. அன்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டு நிக்கணும்."

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாசிப்புக்காரருக்கு இதற்கு மேல் யாரும் பாராட்டுச் சொல்ல முடியாது என்பதும், மகள் கல்யாணத்தில் வாசிக்கும் ஆசை அந்தப் பாராட்டோடு போய்விட்டது என்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் புரிந்திருக்கும். "சரிங்க" என்றார். அண்ணனிடம் சொன்ன அதே குரல். மகள் அன்றைக்கு முழுக்க அழுதாள். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றாள். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தம்மா மனசுல இருக்கிறதைச் சொல்லுச்சு. நல்ல மனுசி. நீ அங்க நல்லா இருப்ப" என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார்.

கல்யாணத்தன்று மதுரை பேண்டு வந்தது. நீலக் கோட்டு, புது வாத்தியங்கள், நன்றாகவே வாசித்தார்கள். என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குள் நடந்தார். இன்னொரு கை சும்மா தொங்கியது. எங்கள் செட் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், கோட்டும் இல்லாமல் வெள்ளைச் சட்டையும் இல்லாமல், தீபாவளிக்கோ ஈஸ்டருக்கோ எடுத்த கலர் சட்டைகளில், பெண்டாட்டி பிள்ளைகளோடு. வாத்தியம் இல்லாமல் அவர்களைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் முதல் பந்தியில் அவர்களைத்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவரே பிரியாணி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார். நான் பின்னால் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக்கொண்டு வந்தேன். பேஸ் டிரம் வாசிக்கிறவர், செட் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர், ஒரு கை எடுத்து வாயில் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்டர், இத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கோம். எப்பவும் எல்லாரும் எந்திரிச்ச பெறகுதான் நம்மளை உக்கார வைப்பாங்க. கல்யாணத்துச் சோறு சூடா இருக்கும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

அவர், "சாப்புடுறா, சாப்புடு" என்று இன்னும் இரண்டு கரண்டி அள்ளி வைத்தார். இலை கொள்ளவில்லை, அவர் வைத்துக்கொண்டே இருந்தார். நான் கையிலிருந்த பாத்திரத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவுகிற இடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.